22 வருஷம் உழைத்தாலும் பி.ஆர். கிடைக்காதா? சிங்கப்பூர் விமானம் ஏறும் முன் புதுக்கோட்டைக் குடும்பங்கள் கேட்க வேண்டிய கேள்வி

2025 ஜூலை 26, சனிக்கிழமை மாலை. சிங்கப்பூரின் தஞ்சோங் காத்தோங் சாலையில் திடீரென்று ரோடு உள்வாங்கியது. ஓடிக்கொண்டிருந்த கார் ஒன்று அந்தப் பள்ளத்துக்குள் விழுந்தது. உள்ளே ஒரு பெண். பக்கத்து சைட்டில் வேலையில் இருந்த ஏழு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் ஓடிவந்து, நைலான் கயிற்றை வீசி, சில நிமிடங்களில் அவரை மேலே இழுத்துவிட்டார்கள். ஃபோர்மேனாக இருந்தவர் ஒரு தமிழர். 22 வருடங்களாக சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்.

அந்த வீடியோ நம்ம ஊர் வாட்ஸ்அப் குரூப்புகள் வரைக்கும் வந்தது. சிங்கப்பூர் மக்கள் நன்கொடையாக 70 ஆயிரம் வெள்ளிக்கு மேல் திரட்டினார்கள். அதிபர் தர்மன் சண்முகரத்தினம் அவர்களை இஸ்தானா மாளிகைக்கு அழைத்துச் சந்தித்தார். கூடவே சமூக ஊடகங்களில் இன்னொரு குரலும் கிளம்பியது: "இவங்களுக்கெல்லாம் பி.ஆர். கொடுங்க!"

பி.ஆர். என்றால் நிரந்தரவாசத் தகுதி. அறந்தாங்கி, ஆலங்குடி, கீரமங்கலம், மீமிசல் பக்கம் இந்த இரண்டு எழுத்தைத் தெரியாத வீடு குறைவு. பெண் பார்க்கப் போகிற இடத்தில், மாப்பிள்ளை சிங்கப்பூரில் இருக்கிறார் என்றால் அடுத்த கேள்வி, "பி.ஆர். வாங்கிட்டாரா?" என்பதுதான். 'பத்து வருஷம் இருந்தாக் கொடுத்துருவாங்க' என்று பெரியவர் ஒருவர் திண்ணையில் இருந்து சொல்வார். யாரும் மறுக்க மாட்டார்கள்.

ஆனால் அது தவறு. பத்து அல்ல, இருபத்திரண்டு வருடம் இருந்தாலும், கையில் இருப்பது ஒர்க் பெர்மிட் என்றால் பி.ஆருக்கு விண்ணப்பிக்கவே முடியாது. வருடத்தின் எண்ணிக்கைக்கு முன்னால் பாஸின் பெயரைப் பார்க்கிறார்கள். பெரும்பாலான வீடுகளில் இந்த விஷயம் தெரியவருவது நகையை அடகு வைத்து, பையனை அனுப்பி, பல வருடம் கழித்துத்தான்.

கப்பல் காலத்து நினைப்பு

பெரியவர் அப்படிச் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அவருடைய அப்பா காலத்தில் நிலைமை அப்படித்தான் இருந்தது.

1926-ல் ஓடத் தொடங்கி, 1973 வரைக்கும் கடலில் இருந்த 'ரஜூலா' கப்பல், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளை ஏற்றிக்கொண்டு பினாங்கு வழியாக சிங்கப்பூர் போகும். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு போனவர்கள், இறங்கியதும் கடையிலோ, துறைமுகத்திலோ, தோட்டத்திலோ வேலைக்குச் சேர்ந்தார்கள். செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வட்டிக்கடைக் கணக்குப்பிள்ளைகள், கடற்கரை ஊர்களிலிருந்து சபுராளிகள், உள்ளூர்க் கிராமங்களிலிருந்து கூலியாட்கள் என்று போனவர்களில் பலருக்கு, 'இங்கே தங்க எனக்குத் தகுதி இருக்கிறதா?' என்ற கேள்வியே எழவில்லை. எல்லாமே பிரிட்டிஷ்காரன் ராஜ்யம். போனார்கள், இருந்தார்கள், சிலர் வந்தார்கள்.

கதவு மூடத் தொடங்கியது 1953-ல். அந்த ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் புதிய குடிநுழைவுச் சட்டம் அமலுக்கு வந்தது. அதன்பிறகு நினைத்தவுடன் போய் இறங்க முடியவில்லை. என்ன தொழில், என்ன படிப்பு, என்ன சம்பளம் என்று பார்க்கத் தொடங்கினார்கள்.

மலேசியாவில் நடந்தது இன்னும் கடுமை. 1968-ல் கொண்டுவந்த வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயம் ஆனது. பல வருடம் ரப்பர் மரத்தில் பால் சீவியவர்களிடம் காகிதம் கேட்டார்கள். காகிதம் இல்லாத ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு பெட்டியைக் கட்டிக்கொண்டு தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். அங்கேயே தங்கிவிட்டவர்களிலும், குடியுரிமையின் நீல அட்டை கிடைக்காமல், நிரந்தரவாசியின் சிவப்பு அட்டையோடு முதுமை வரை வந்தவர்கள் இருக்கிறார்கள். 'சிவப்பு ஐ.சி.' என்ற சொல் அந்தக் குடும்பங்களில் ஒரு தழும்பு மாதிரி.

ஆக, போய்ச் சேர்ந்தால் போதும் என்ற காலம் முடிந்து 70 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஊர்த் திண்ணைக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

ஒரே விமானம், வேறு வேறு பாஸ்

ஆலங்குடிப் பக்கம் இரண்டு நண்பர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே பள்ளிக்கூடம், ஒரே கபடி டீம். ஒருவன் பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. போனான். இன்னொருவன் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ. இருவரும் ஒரே நாளில் திருச்சி விமான நிலையத்துக்கு ஒரே வேனில் வருகிறார்கள். மாலை, தேங்காய், அம்மாவின் அழுகை எல்லாம் ஒரே மாதிரி.

ஐ.டி.ஐ. பையன் கையில் இருப்பது ஒர்க் பெர்மிட். கட்டுமான வேலைக்குப் போகிறவன் இதற்கென்று 'ஸ்கில் டெஸ்ட்' அடித்திருக்க வேண்டும். குழாய் பொருத்துவது, கம்பி கட்டுவது, டைல்ஸ் பதிப்பது என்று ஏதாவது ஒரு வேலையில் சிங்கப்பூர் அங்கீகரித்த மையத்தில் தேர்ச்சி. இந்தப் பெர்மிட்டுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் என்று அரசு எதுவும் நிர்ணயிக்கவில்லை. அடிப்படைச் சம்பளம் 500, 600 வெள்ளியில் தொடங்குவது சாதாரணம். ஓவர்டைம் போட்டால்தான் ஊருக்கு அனுப்புகிற தொகை கண்ணுக்குத் தெரியும். குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியாது. மலேசியர் அல்லாத ஒவ்வொரு ஒர்க் பெர்மிட் தொழிலாளிக்கும் முதலாளி 5,000 வெள்ளிக்கு அரசிடம் உத்தரவாதம் கொடுத்திருப்பார். சிங்கப்பூர்க் குடிமகளையோ, நிரந்தரவாசியையோ திருமணம் செய்ய வேண்டும் என்றால் மனிதவள அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். பெர்மிட் முடிந்து ஊருக்கு வந்த பிறகும் இந்த விதி விடாது.

டிப்ளமோ பையன் கையில் எஸ் பாஸ். 2025 செப்டம்பர் முதல் இதற்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 3,300 வெள்ளி. நம் கணக்கில் இரண்டு லட்ச ரூபாய்க்கு மேல். வயது கூடக்கூட இந்த வரம்பும் ஏறும். 45 வயதைத் தொட்டவருக்கு 4,800 வெள்ளி. (வங்கி, நிதித் துறை என்றால் இன்னும் அதிகம்.) இதற்கும் மேலே இ பாஸ், அதாவது எம்ப்ளாய்மென்ட் பாஸ். 2025 ஜனவரி முதல் அதற்கு 5,600 வெள்ளியில் ஆரம்பம். சம்பளம் மட்டும் போதாது. படிப்பு, கம்பெனியில் எந்தெந்த நாட்டவர் எத்தனை பேர் என்பதையெல்லாம் வைத்து மதிப்பெண் போடும் 'காம்பஸ்' முறையிலும் தேற வேண்டும். இந்தத் தொகைகளை சிங்கப்பூர் அரசு அவ்வப்போது உயர்த்திக்கொண்டே போகிறது. அண்ணன் போன காலத்துக் கணக்கு தம்பிக்கு உதவாது.

எஸ் பாஸ், இ பாஸ் போன்றவற்றை வைத்திருப்பவர்கள் மட்டுமே வேலை அடிப்படையில் பி.ஆருக்கு விண்ணப்பிக்கலாம். இவர்களிலும் மனைவி, பிள்ளைகளை அழைத்து வர மாதச் சம்பளம் 6,000 வெள்ளி இருக்க வேண்டும். அப்பா அம்மாவை நீண்ட நாள் தங்கவைக்க 12,000 வெள்ளி.

பத்து வருடம் கழித்துப் பார்த்தால், டிப்ளமோ நண்பனின் பத்து வருடம் விண்ணப்பத்தில் ஒரு தகுதியாக நிற்கும். ஐ.டி.ஐ. நண்பனின் பத்து வருடத்தை எழுதுவதற்கு அந்தப் படிவத்தையே அவனால் திறக்க முடியாது. வெயிலில் நின்றவன் யார் என்று பார்த்தால் கணக்கு நேர்மாறாக இருக்கும்.

ஒர்க் பெர்மிட்காரரின் இருப்பு எவ்வளவு மெல்லியது என்பதை 2013 டிசம்பர் 8-ம் தேதி காட்டியது. அன்றிரவு லிட்டில் இந்தியாவில் பஸ்ஸில் அடிபட்டு இறந்தவர் புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த 33 வயதுக் கட்டுமானத் தொழிலாளி. அதைத் தொடர்ந்து வெடித்த கலவரத்தில் நீதிமன்றத்துக்குப் போனவர்கள் ஒரு பக்கம். வழக்கு எதுவும் இல்லாமல், பெர்மிட்டை ரத்து செய்து ஊருக்கு அனுப்பப்பட்டவர்கள் 50 பேருக்கு மேல்.

ஏணி இருக்கிறது, படிகள் குறைவு

அப்படியானால் ஒர்க் பெர்மிட்டில் போனவருக்கு வழியே இல்லையா? இருக்கிறது. அதற்கு முதலில் முதலாளியின் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும்.

வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவரை வைத்துக்கொள்வதற்காக முதலாளி மாதா மாதம் அரசுக்குத் தீர்வை கட்டுகிறார். ஊர்க்காரர்கள் சொல்லும் 'லெவி' இதுதான். கட்டுமானத் துறையில் 2024 ஜனவரி முதல், அடிப்படைத் திறன் கொண்ட இந்தியத் தொழிலாளிக்கு 900 வெள்ளி. உயர்திறன் கொண்டவருக்கு 500 வெள்ளி. அதாவது புதிதாகப் போன பையனின் அடிப்படைச் சம்பளத்தைவிட அவனுக்காக அரசுக்குப் போகும் பணம் அதிகமாக இருக்கலாம்! அடிப்படைத் திறன் என்பது 'ஆர்2', உயர்திறன் என்பது 'ஆர்1'. ஆர்1 ஆக்குவதில் முதலாளிக்கும் ஆதாயம் உண்டு என்பதால், அதற்கான தேர்வுக்குப் போகிறேன் என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். கூடுதல் தொழில் ஒன்றில் தேர்ச்சி பெறுவது ஒரு வழி. ஆறு வருட அனுபவமும் 1,600 வெள்ளி நிலையான மாதச் சம்பளமும் இருப்பது இன்னொரு வழி.

ஆர்1 வந்துவிட்டால் எஸ் பாஸ் அடுத்த படி மாதிரி தெரியும். ஆனால் இரண்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி. கட்டுமானம், உற்பத்தி, கப்பல் பட்டறைத் துறைகளில் ஒரு கம்பெனியின் மொத்த ஆட்களில் 15 சதவிகிதத்துக்கு மேல் எஸ் பாஸ் கொடுக்க முடியாது. சேவைத் துறையில் 10 சதவிகிதம்தான். நூறு பேர் வேலை செய்யும் கட்டுமானக் கம்பெனியில் அதிகபட்சம் 15 நாற்காலிகள். அதில் ஒன்று காலியாக வேண்டும். முதலாளி 3,300 வெள்ளி சம்பளமும் 650 வெள்ளி லெவியும் கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும். வேலையும் சூப்பர்வைசர், டெக்னீஷியன் மாதிரி பொறுப்புள்ளதாக இருக்க வேண்டும்.

ஏறியவர்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் கூட்டத்தோடு நிற்காமல், சேஃப்டி சூப்பர்வைசர் கோர்ஸுக்கும், டிப்ளமோ வகுப்புக்கும் போய் உட்கார்ந்தவர்கள் அவர்கள். தூக்கத்தை விற்று வாங்கிய சான்றிதழ் அது.

இந்த இடத்தில்தான் குறுக்கு வழி ஆசை காட்டும். டிப்ளமோ சான்றிதழைப் 'பண்ணிக் கொடுக்கிறேன்' என்று ஊரில் ஒருவர் வருவார். பொய்ச் சான்றிதழோடு பிடிபட்டால் 20 ஆயிரம் வெள்ளி வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை, அதற்குப் பிறகு சிங்கப்பூர்க் கதவு அடைப்பு. இன்னொரு தந்திரம் சம்பளத்தில். வங்கிக் கணக்கில் 3,300 வெள்ளி வரும். அடுத்த நாளே அதில் பாதியை முதலாளி கையில் ரொக்கமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வேலைக்காகத் தொழிலாளியிடம் பணம் வாங்குவது முதலாளிக்கும் சிறைத் தண்டனைக் குற்றம்தான். ஆனால் பையன் புகார் கொடுக்க பயப்படுவான். 'பி.ஆர். போடுற வரைக்கும் பொறுத்துக்கோ' என்று அவனையே சமாதானப்படுத்துவார்கள்.

வருட வரம்பு போனது, பி.ஆர். வரவில்லை

2025 ஜூலையில் ஒரு மாற்றம் வந்தது. அதுவரை அடிப்படைத் திறன் கொண்ட இந்தியத் தொழிலாளி அதிகபட்சம் 14 வருடமும், உயர்திறன் கொண்டவர் 26 வருடமும்தான் வேலை பார்க்கலாம் என்று உச்சவரம்பு இருந்தது. ஜூலை 1 முதல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். வேலை பார்க்கக்கூடிய வயதும் 60-லிருந்து 63 ஆனது.

நல்ல செய்திதான். ஆனால் அது ஊருக்கு வந்து சேர்ந்தபோது, 'இனிமே எவ்வளவு வருஷம் வேணும்னாலும் இருக்கலாம், எல்லாருக்கும் பி.ஆர். மாதிரிதான்' என்று உருமாறி இருந்தது. பெர்மிட் இப்போதும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய காகிதம்தான். முதலாளி புதுப்பிக்கவில்லை என்றால் விமான டிக்கெட்தான். மாறியது ஒன்றே ஒன்று: 23 வயதில் போனவர் விதிப்படி 40 வருடம் அங்கே உழைக்கலாம். அந்த 40 வருடமும் அவருடைய மனைவி கொத்தமங்கலத்திலோ, வடகாட்டிலோதான் இருப்பார்.

எல்லாத் தகுதியும் இருந்தால்?

எஸ் பாஸில் இருக்கும் அந்த டிப்ளமோ நண்பன் விண்ணப்பிக்க முடிவு செய்கிறான். ஏஜென்ட் தேவையே இல்லை. குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையமான ஐ.சி.ஏ. தளத்தில், 'சிங்பாஸ்' கணக்கு வைத்து உள்ளே போய்த் தானே நிரப்பலாம். கட்டணம் ஆளுக்கு 100 வெள்ளி. கிடைக்காவிட்டால் திரும்பி வராது. மனைவியையும், 21 வயதுக்குள் இருக்கும் திருமணமாகாத பிள்ளைகளையும் அதே விண்ணப்பத்தில் சேர்க்கலாம். பதில் வர நான்கிலிருந்து ஆறு மாதம் ஆகும், சில நேரம் அதைவிட அதிகமாகவும் ஆகும்.

இவ்வளவு சம்பளம் என்றால் நிச்சயம், இத்தனை வருடம் என்றால் நிச்சயம் என்று வெளிப்படையான மதிப்பெண் பட்டியல் எதுவும் பி.ஆருக்கு இல்லை. குடும்ப உறவுகள், பொருளாதாரப் பங்களிப்பு, படிப்பு, வயது, எத்தனை வருடம் அங்கே இருக்கிறார் என எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்போம் என்கிறது ஐ.சி.ஏ. மறுத்தால் காரணம் சொல்லாது. ஆண்டுக்கு 30 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு பி.ஆர். கொடுக்கிறார்கள், அது உலகின் எல்லாத் திசையிலிருந்தும் வந்தவர்களுக்கும் சேர்த்து.

நம்ம ஊர்க்காரர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் வேறு இடத்தில். காகிதத்தில்! பள்ளி மாற்றுச் சான்றிதழில் ஒரு பிறந்த தேதி, பாஸ்போர்ட்டில் இன்னொன்று. அப்பா பெயர் ஓரிடத்தில் இனிஷியலாக, ஓரிடத்தில் முழுதாக, எழுத்து வேறாக. கிராமத்து வீட்டில் பிறந்தவருக்குப் பிறப்புச் சான்றிதழே இல்லாமல் இருக்கும். ஒரு வருடத்துக்கு மேல் தாமதமான பிறப்பைப் பதிவு செய்யக் கோட்டாட்சியர் அலுவலகம் வரை போக வேண்டும். திருமணத்தை மண்டபத்தில் ஆயிரம் பேரைக் கூட்டி நடத்தியிருப்பார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்திருக்க மாட்டார்கள். தமிழில் இருக்கும் சான்றிதழுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேறு வேண்டும். இரண்டு வாரம் லீவில் வந்துவிட்டு இதையெல்லாம் முடிக்க முடியாது. ஊரில் இருக்கும் மனைவியோ, மைத்துனனோ முன்கூட்டியே ஆரம்பித்தால்தான் உண்டு.

மகன் இருக்கிற வீட்டில் இன்னொரு பேச்சும் நடக்க வேண்டும். வேலை அடிப்படையில் முதலில் பி.ஆர். வாங்கும் அப்பாவுக்கு ராணுவச் சேவை கிடையாது. அவரோடு சேர்ந்து பி.ஆர். ஆகும் மகனுக்கு உண்டு. பதினாறரை வயதில் பதிவு, 18 வயதில் இரண்டு வருட முழுநேரச் சேவை. 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று பி.ஆரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தால், பின்னாளில் அந்தப் பையன் அங்கே படிக்கவோ, வேலைக்கோ விண்ணப்பித்தால் அது குறுக்கே நிற்கும். மூன்று வயதுக் குழந்தையைப் படிவத்தில் சேர்க்கும்போதே எடுக்க வேண்டிய முடிவு இது.

கிடைத்துவிட்டால் நீல நிற அடையாள அட்டை. ஒரு வேலையை விட்டு இன்னொரு வேலைக்குப் போக பாஸ் தேவையில்லை. வருங்கால வைப்பு நிதியான சி.பி.எஃப்.-இல் அவர் சம்பளத்திலிருந்தும், முதலாளியிடமிருந்தும் பணம் சேரும். மூன்று வருடம் கழித்து மறுவிற்பனை அரசு வீடு வாங்கலாம். கம்பெனிக் கணக்கிலும் ஆள் மாறிவிடுவார். நேற்று வரை கோட்டாவில் ஒரு வெளிநாட்டவராக எண்ணப்பட்டவர், இன்று உள்ளூர் ஆளாக எண்ணப்படுவார்.

பி.ஆர். வாங்கினால் இந்தியக் குடியுரிமை போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். போகாது. பாஸ்போர்ட் இந்திய பாஸ்போர்ட்தான். ஆனால் வெளியூர் போய்த் திரும்ப 'மறுநுழைவு அனுமதி' வேண்டும். வழக்கமாக ஐந்து வருடத்துக்குக் கொடுப்பார்கள். அது காலாவதியான நிலையில் வெளிநாட்டில் இருந்து, குறித்த காலத்துக்குள் மறுபடி விண்ணப்பிக்காவிட்டால் பி.ஆரே போய்விடும். 'நிரந்தரம்' என்ற சொல்லுக்கே ஐந்து வருடக் கெடு!

துபாய், ஜப்பான், ஜெர்மனி

மற்ற நாடுகளிலும் இதே கதைதான், வேறு உடையில். ஐக்கிய அரபு அமீரகத்தின் பத்து வருட கோல்டன் விசாவை வேலை அடிப்படையில் வாங்க, பட்டப்படிப்போடு மாதம் 30 ஆயிரம் திர்ஹாம் சம்பளம் வேண்டும். ஐந்து வருட கிரீன் விசாவுக்கு 15 ஆயிரம் திர்ஹாம். 2025 ஜூலையில், 'ஒரு லட்சம் திர்ஹாம் கட்டினால் இந்தியர்களுக்கு ஆயுள் முழுக்க கோல்டன் விசா' என்ற செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. அப்படி ஒரு திட்டமே இல்லை என்று அமீரக அரசு மறுத்தது. சுமார் 23 லட்ச ரூபாயை எண்ணிப் பார்க்கத் தொடங்கியிருந்தவர்கள் தப்பித்தார்கள்.

ஜப்பான் 2019-ல் தொடங்கிய 'குறிப்பிட்ட திறன் தொழிலாளர்' விசாவில் இரண்டு படி. முதல் படியில் அதிகபட்சம் ஐந்து வருடம், குடும்பத்துக்கு அனுமதி இல்லை. இரண்டாம் படிக்கு ஏறினால் புதுப்பித்துக்கொண்டே போகலாம், குடும்பத்தையும் அழைக்கலாம். அங்கே நிரந்தரவாசத்துக்குப் பொதுவாகப் பத்து வருடம் இருக்க வேண்டும். அதில் ஐந்து வருடம் வேலை விசாவில் கழிந்திருக்க வேண்டும். முதல் படியில் கழித்த காலம் அந்த ஐந்தில் சேராது. சிங்கப்பூர் ஒர்க் பெர்மிட்டின் தம்பி மாதிரி இல்லை?

ஜெர்மனி கொஞ்சம் தாராளம். அங்கீகரிக்கப்பட்ட படிப்போடு திறன் தொழிலாளராகப் போகிறவர், மூன்று வருடம் வேலை பார்த்து, ஓய்வூதிய நிதி கட்டி, பி1 அளவு ஜெர்மன் பேசினால் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம். நர்சிங் படித்த பெண் இருக்கும் வீடுகள், மகனுக்கு சிங்கப்பூர் ஏஜென்ட்டைத் தேடுவதற்கு முன் மகளுக்கு ஜெர்மன் வகுப்பை விசாரிக்கலாம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திடம் கேட்டால் விவரம் கிடைக்கும்.

கடிதத்தைப் படியுங்கள்

பணம் கைமாறுவதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. சிங்கப்பூர் வேலைக்குத் தேர்வானவருக்கு ஐ.பி.ஏ. என்ற முன் அனுமதிக் கடிதம் வரும். ஒர்க் பெர்மிட் தொழிலாளிக்கு அவருடைய தாய்மொழியிலும் அதைக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அதாவது தமிழிலேயே கேட்டு வாங்கலாம். என்ன பாஸ், என்ன வேலை, அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று அதில் இருக்கும். உண்மையான கடிதமா என்று மனிதவள அமைச்சகத்தின் தளத்தில் இலவசமாகச் சரிபார்க்கலாம். வாட்ஸ்அப்பில் வந்த மங்கலான போட்டோவை நம்பிப் பத்திரத்தை அடகு வைத்தவர்கள் நம் பக்கத்தில் உண்டு. 'எஸ் பாஸ்' என்று பேசி, எஸ் பாஸ் விலை வாங்கி, ஒர்க் பெர்மிட்டைக் கையில் கொடுப்பதுதான் இப்போது அதிகம் காதில் விழும் புகார்.

இன்னொன்று. வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் பத்தாவது முடிக்காதவர் போனால், பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். அந்த வழியில் இந்திய அரசின் கண் ஒருமுறை படும். சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. அங்கே போகிறவரின் காகிதத்தை அரசு அலுவலகம் எதுவும் வழியில் நிறுத்திப் பார்க்காது. இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30 ஆயிரம் ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். சிங்கப்பூர் ஏஜென்சி, ஒப்பந்தத்தின் ஒரு வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் வாங்கக் கூடாது. ஊரில் லட்சங்களில் பேசுகிற தொகைக்கு ரசீது கேட்டுப் பாருங்கள், என்ன நடக்கிறது என்று!

கஜா புயல் 2018 நவம்பரில் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போன பகுதி இது. புதுக் கன்று காய்க்க வருடங்கள் ஆகும், கடன் காத்திருக்காது. அதனால் ஒர்க் பெர்மிட்டில் போகவே கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. அந்தப் பணத்தில்தான் இங்கே பல வீடுகளுக்குக் காங்கிரீட் கூரை வந்தது, தங்கைகளுக்குத் திருமணம் நடந்தது. அது வேலை, அதற்குச் சம்பளம் உண்டு. குடியேற்றம் என்று நினைத்துக்கொண்டு மட்டும் போகக் கூடாது.

திருச்சி விமான நிலைய வாசலில் இன்றும் இரவு விமானத்துக்கு வேன்கள் வந்து நிற்கும். புதுப் பெட்டியோடு போகிறவன் ஒரு பக்கம். கோடாலித் தைலமும், முஸ்தபா கடைப் பையுமாக இறங்குகிறவர் இன்னொரு பக்கம். அவருடைய குழந்தை ஓடிவராமல் அம்மா சேலைக்குப் பின்னால் ஒளிந்து, வீடியோ காலில் பார்த்த முகம் இதுதானா என்று எட்டிப் பார்க்கும். அவருக்கு முப்பது நாள் லீவு இருக்கிறது.